ஃபைபருக்குள் இருக்கும் மரம்

(நாகை மாவட்டக் கடலோர ஊரொன்றில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு, மீனவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய ஃபைபர் படகு வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இந்த ஃபைபர் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?" என்றுதான். ஃபைபர் தாங்கும். ஒழுங்காக வார்த்த கண்ணாடி இழை உடம்பு அரை நூற்றாண்டைத் தாண்டியும் நிற்கும். நீங்கள் கேட்க வேண்டியது அந்த ஃபைபருக்குள் மறைந்திருக்கும் மரத்தைப் பற்றி. பழைய படகு கைவிடப்படுவது பெரும்பாலும் அந்த மரம் உளுத்துப்போவதால்தான். அந்த மரத்தை உளுக்கவைப்பது கடல்தண்ணீர் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதைச் செய்வது மழைத்தண்ணீர். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பது.

"ஃபைபர் படகில் மரம் எங்கே இருக்கிறது?" என்று இங்கே சிலர் யோசிப்பது தெரிகிறது. எஞ்சின் மாட்டும் பின்பலகையைப் பாருங்கள். பட்டறையில் டிரான்ஸம் என்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் முழுக்க ஃபைபர். அறுத்துப் பார்த்தால் வெளியே ஒரு தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் ஒன்றரை, இரண்டு அங்குலக் கனத்துக்கு பிளைவுட். அவ்வளவு கனத்தையும் ஃபைபராலேயே ஏற்றினால் விலையும் கட்டாது, எடையும் கட்டாது. மரம் மலிவு, எடை குறைவு, போல்ட்டை இறுக்கினாலும் எளிதில் நசுங்காது. அதனால் உலகம் முழுவதும் படகு கட்டுகிறவர்கள் மரத்தை நடுவில் வைத்தார்கள். அடித்தளத்தில் நீளவாக்கில் ஓடும் கட்டைகள், டீசல் எஞ்சின் உட்காரும் கட்டை, குறுக்கே உட்காரும் பலகைகள், மேல் விளிம்பில் ஓடும் கட்டை என்று பல படகுகளில் மரம் பல இடத்தில் இருக்கிறது. எல்லாம் ரெசின் பூசி மூடப்பட்டிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கண்ணாடி இழைப் படகின் வயது அதிகமில்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரில் ரே கிரீன் என்பவர் 1942இல் பாலியஸ்டர் ரெசினையும் கண்ணாடி இழையையும் சேர்த்து ஒரு சிறு படகு செய்தார். அந்த வகையில் முதற்படகு என்று அதைத்தான் சொல்வார்கள். 1959இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பியர்சன் குடும்பத்து ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் டிரைட்டன் என்ற 28 அடிப் பாய்மரப் படகை வார்த்து விற்கத் தொடங்கினார்கள். 700க்கும் மேல் விற்றது. அந்தக் காலத்தில் இந்தப் புதுப்பொருள் எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. பயத்தில் கனமாகவே வார்த்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றில் பல இன்னும் கடலில் ஓடுகின்றன. அந்தப் படகை வாங்குகிறவர்கள் முதலில் சோதிப்பது எதை தெரியுமா? மேல்தளத்தை. மேல்தளத்துக்கு நடுவில் பால்சா என்ற இலேசான மரத்தை வைத்திருந்தார்கள். உடம்பு கல்லாக நிற்க, மேல்தளத்து மரம் நனைந்து கூழாகிப்போயிருக்கும். ஃபைபரை நம்பப் பயந்தவர்கள் மரத்தை நம்பி ஏமாந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கம் வருவோம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்துக் காரைநகரில், 1960களின் இறுதியில் நார்வேக்காரர்கள் உதவியோடு சீ-நோர் என்ற அமைப்பு தொடங்கி ஃபைபர் படகுகள் வார்த்தது. இந்தப் பக்கம், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையில் அலுவலகம் வைத்து, அலைக்குள் இறக்கிக் கரையில் ஏற்றக்கூடிய படகுகளை வடிவமைக்கும் வேலையில் இறங்கியது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுமரம் குறைந்து ஃபைபர் பெருகியது.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 பற்றி இந்த ஊரில் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன்பின் வந்த மாதங்களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகு கொடுத்தார்கள். கொடுத்த கைகளை நான் வணங்குகிறேன். ஆனால் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவ்வளவு படகை அவ்வளவு சீக்கிரத்தில் கட்ட, அனுபவமில்லாத பட்டறைகளும் முளைத்தன. கண்ணாடி இழை மேட் எத்தனை அடுக்கு போட்டார்கள், உள்ளே வைத்த பலகை எந்தத் தரம், அறுத்த ஓரத்துக்கு ரெசின் பூசினார்களா என்றெல்லாம் நின்று பார்க்க அன்றைக்கு யாருக்கும் பொழுதில்லை. அந்தப் படகுகளுக்கு இப்போது இருபது வயது தாண்டுகிறது. இன்று நம் கரையில் கைமாறும் பழைய படகுகளில் அவையும் கணிசம். அதனால்தான் இந்தப் பேச்சு இந்த ஊருக்கு வேண்டியிருக்கிறது.

மரம் ஏன் உளுக்கிறது? பூஞ்சை தின்பதால். பூஞ்சைக்கு நான்கு வேண்டும்: மரம், காற்று, இதமான சூடு, ஈரம். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வளராது. மரத்தை நாம் நீக்க முடியாது. சூடோ, 25 முதல் 30 டிகிரி அதற்கு மிகப் பிடித்தது. அதுதான் நம் கடற்கரையின் இயல்பான வெப்பம். குளிர்நாட்டில் பனிக்காலம் வந்தால் பூஞ்சை சில மாதம் உறங்கும். இங்கே அதற்கு விடுமுறையே கிடையாது. காற்றை முழுவதும் அடைக்க நம்மால் ஆகாது. மிச்சம் நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிப்பதில்லை. 30 சதவீதத்தை எட்டினால் வேலையை ஆரம்பித்துவிடும். மறுபடி காய வைத்தால் சாவதில்லை, உறங்குகிறது. அடுத்த மழைக்கு விழித்துக்கொள்கிறது.

இன்னொரு கெட்ட செய்தி. மரத்தைப் பழுப்பாக்கிக் கட்டம் கட்டமாக வெடிக்க வைக்கும் பூஞ்சை இருக்கிறதே, அது எடையில் பத்திலொரு பங்கைத் தின்பதற்குள்ளேயே அதிர்ச்சியைத் தாங்கும் வலுவில் பாதிக்கு மேல் போய்விடும். கண்ணால் பார்த்தால் மரம் மரமாகவே இருக்கும். அலையில் எஞ்சின் குதிக்கும்போது தாங்காது.

தண்ணீரில் கிடந்தால் மரம் உளுக்கும் என்பது பாதிதான் உண்மை. ஸ்வீடனில் வாசா என்று ஒரு போர்க்கப்பல். 1628 ஆகஸ்டில் முதற்பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்து மூழ்கியது. 333 ஆண்டு அடியில் கிடந்து, 1961இல் தூக்கியபோது ஏறக்குறைய முழுக்கப்பலாக வந்தது. ஆழத்தில் காற்று போதாததால் பூஞ்சை வளரவில்லை. அந்தக் கடலில் உப்பு குறைவென்பதால் மரம் துளைக்கும் கப்பல் புழுவும் இல்லை. ஆபத்து வெளியே எடுத்தபிறகுதான் வந்தது. பதினேழு ஆண்டு அதன்மேல் மருந்தைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். முழுக்க நனைந்த மரமும் பிழைக்கும், முழுக்கக் காய்ந்த மரமும் பிழைக்கும். நனைந்தும் காற்றுப் பட்டும் நடுநிலையில் கிடக்கும் மரம்தான் சாகும். ஃபைபர் தோலுக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்த பிளைவுட்டின் நிலை சரியாக அதுதான்.

இனி உப்புக்கு வருவோம். மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை உப்புத்தண்ணீரில் செழிப்பதில்லை. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் மரக்கப்பல் கட்டிய காலத்தில், கப்பலின் வங்குகளுக்கு நடுவே கல்லுப்பைக் கொட்டி நிரப்பி வைப்பார்கள். மேலிருந்து ஒழுகும் மழைநீர் உப்பைக் கரைத்துக்கொண்டு இறங்கும், மரம் பிழைக்கும். கடலில் ஓடிக்கொண்டிருக்கும் படகுக்குள் தெறிக்கும் அலைத்தண்ணீர் எஞ்சினைத் துருவேற்றும், போல்ட்டைத் தின்னும், ஆனால் மரத்துக்கு அவ்வளவு பெரிய பகை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கரையேற்றி வைத்த படகில் முழங்கால் அளவுக்கு மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கிறதே, அதுதான் பகை. நம் மாநிலத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டுகிறது. கடல் கொந்தளிப்பால் படகுகள் பல நாள் சும்மா கிடப்பதும் இதே மூன்று மாதத்தில்தான். அடுத்த வருஷத்து உளுப்பு இந்த மூன்று மாதத்தில்தான் விதைக்கப்படுகிறது.

நம் முன்னோருக்கு மரத்தை உலர்த்த வேண்டும் என்பது தெரிந்திருந்தது. கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் போட்டு வெயிலில் காயவிடுவார்கள். ஊறிய கட்டை கனத்துப் போகும், சீக்கிரம் கெடும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. ஃபைபர் வந்ததும் அந்தப் பழக்கம் நின்றது. பிரித்துக் காய வைக்க முடியாத இடத்தில் மரத்தை வைத்து மூடிவிட்டோம். ஃபைபர் தண்ணீரை நிறுத்தும் என்று நம்பினோம். பாலியஸ்டர் ரெசினே கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழுக்கும் பொருள்தான். ஆனால் பெரிய வாசல் வேறு. நாமே போடும் துளைகள்.

எஞ்சின் போல்ட்டுக்கு நான்கு துளை. ஜி.பி.எஸ்., எதிரொலிக் கருவி மாட்ட இரண்டு. வலை இழுக்கும் கொக்கிக்கு, விளக்குக் கம்பத்துக்கு, தண்ணீர் வெளியேறும் தக்கைக்கு என்று ஒவ்வொரு துளையும் ஃபைபர் தோலைத் தாண்டி மரத்துக்குள் போகிறது. துளையின் சுவரில் மரத்தின் அறுந்த நுனி வெறுமனே நிற்கிறது. அறுந்த நுனி வழியாக மரம் தண்ணீரை இழுக்கும் வேகம், பலகையின் முகப்பு வழியாக இழுப்பதைவிடப் பல மடங்கு. எஞ்சின் அதிர அதிர போல்ட்டைச் சுற்றிய பசை விலகும். மழை பெய்யும்போது ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என இறங்கும். போன வழியில் திரும்பி வர அதற்கு வழியில்லை. "ஐ.எஸ். 710 மெரைன் பிளைவுட் போட்டிருக்கிறது" என்று விற்பவர் சொல்வார். நல்லதுதான். அந்தப் பலகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் விடாது. ஆனால் நல்ல பசை பலகையைப் பிரியாமல் வைத்திருக்குமே தவிர, துளைக்குள் ஆண்டுக்கணக்காகத் தண்ணீர் நிற்க விட்டால் எந்தப் பலகையும் நிலைக்காது.

இப்போது வாங்கும் விஷயம்.

படகு பார்க்கப் போகும்போது வெயிலில் போங்கள், மழை விட்டு ஒரு வாரமாவது ஆகியிருக்கட்டும். உள்பக்கம் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் உடனே மகிழ வேண்டாம். எதற்காக அடித்தார்கள் என்று கேளுங்கள். வெளியே நிறம் வெளுத்து மாவு மாவாக வருவது வெயிலால் வரும் வயது, அது நோயில்லை. அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தாலும் பொதுவாக அதனால் படகு மூழ்குவதில்லை. விலை பேச அது உதவும், அவ்வளவுதான். நேராகப் பின்பலகைக்குப் போங்கள்.

தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிற அதே காதுதான் இங்கேயும் வேண்டும். சிறிய பிளாஸ்டிக் சுத்தியல், இல்லாவிட்டால் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடி, அதுவும் இல்லாவிட்டால் பத்து ரூபாய் நாணயம் போதும். நல்ல இடம் என்று உறுதியாகத் தெரிந்த ஓரத்தில் முதலில் தட்டுங்கள். கணீரென்று ஒரு சத்தம் வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு, இரண்டங்குல இடைவெளியில் பலகை முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். தக்கை அருகிலும் எஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றியும் கீழ்மூலைகளிலும் பொறுமையாகத் தட்டுங்கள். மொத்தென்று அமுங்கிய சத்தம் வருகிற இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு. முடிந்தபின் கோடுகளைச் சேர்த்துப் பாருங்கள். உளுப்பின் வரைபடமே கிடைத்துவிடும். ஃபைபர் தோல் மரத்தை விட்டுப் பிரிந்திருந்தாலும் அதே சத்தம் வரும். இரண்டுமே உங்களுக்குக் கெட்ட செய்திதான்.

அடுத்து எஞ்சின். 9.9 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று ஏறக்குறைய 40 கிலோ எடை. அதைப் பாதி உயர்த்திப் பூட்டிவிட்டு, கீழ்க்காலை ஒருவர் மெல்ல அழுத்தி விடட்டும். நீங்கள் பின்பலகையின் மேல்விளிம்பில் கண் வையுங்கள். பலகை அசையவே கூடாது. மயிரிழை அளவு அசைந்தாலும், பக்கச் சுவரோடு சேரும் மூலையில் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும் மரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். போல்ட்டின் வாஷர் ஃபைபருக்குள் அமிழ்ந்து குழி விழுந்திருந்தால், உள்ளே மரம் நசுங்குகிறது என்று பொருள். தக்கையைக் கழற்றி அந்தத் துளையின் உள்சுவரை விரலால் தடவுங்கள். ஈரமாக, மெத்தென்று இருந்தால், மழை நின்று வாரக்கணக்கான பின்னும் ஸ்குரூ துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால், வேறு சாட்சி தேவையில்லை. முகர்ந்தும் பாருங்கள். உளுத்த மரத்துக்குப் புளித்த மண்வாடை உண்டு. மீன்வாடைக்கு நடுவிலும் நம் மூக்குக்கு அது தெரியும்.

ஈரம் காட்டும் மீட்டர் வைத்திருக்கும் சிலர் அதை மட்டும் நம்புகிறார்கள். உப்புப் படிந்த ஃபைபரில் அது பொய் சொல்லும். உள்ளே ஆணியோ தகடோ இருந்தாலும் பொய் சொல்லும். சந்தேகம் தீர ஒரே வழிதான்: விற்பவரின் சம்மதத்தோடு, பின்பலகையின் கீழ்ப்பகுதியில், உள்பக்கத்திலிருந்து, 4 மில்லிமீட்டர் துரப்பணத்தால் மரத்தின் நடு வரைக்கும் ஒரு துளை போடுவது. வருகிற தூளை உள்ளங்கையில் வாங்குங்கள். வெளிர்நிறத்தில் மொறுமொறுவென்று சுருள் சுருளாக வந்தால் மரம் நலம். கறுப்பாக, ஈரமாக, பிசைந்தால் திரளுகிற மாதிரி வந்தால் மரம் இல்லை. எப்படி வந்தாலும் அந்தத் துளையை எபாக்ஸியால் அடைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். சோதனைக்குப் போட்ட துளையே உளுப்புக்கு வாசலாகிவிடக் கூடாது. துளை போடச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் கோபப்படாதீர்கள். ஆனால் பின்பலகை கெட்டதாகவே கணக்குப் போட்டு விலை சொல்லுங்கள்.

படகுக்குள் வெறுங்காலோடு நடங்கள். குதிகால் அமுங்கும் இடம் தளத்தின் கீழே கட்டை போன இடம். பிறகு எடை. ஃபைபர் படகுகளில் மூழ்காமல் காக்க அடைத்த அறைகளில் தெர்மோகோலோ பஞ்சுபோன்ற ஃபோமோ வைத்திருப்பார்கள். அறை எங்காவது வெடித்துத் தண்ணீர் புகுந்தால், ஆண்டுகள் போகப் போக அது தண்ணீரை வாங்கிக்கொண்டு விடாது. பக்கத்துப் படகை இழுக்க எத்தனை பேர், இதை இழுக்க எத்தனை பேர் என்று கரையில் விசாரித்தாலே தெரிந்துவிடும். இன்னொன்று, பெட்ரோல் பட்டால் தெர்மோகோல் கரையும். டாங்க் ஒழுகிய படகில் அந்த அறைக்குள் ஒன்றுமே மிஞ்சியிராது. அறை இருக்கிறது, மிதக்கும் என்று நம்பிப் போவது உயிரோடு விளையாடுவது. அறையைத் திறந்து பார்த்தே வாங்குங்கள்.

குமரி மாவட்டத்துக் கரையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் வள்ளங்களை வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1980களிலிருந்து அங்கே பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடி இழை ஒட்டி வள்ளம் கட்டினார்கள். அருமையான வேலை, அலைக்கு ஏற்ற வடிவம். ஆனால் அதில் உடம்பே மரம். வெளியே பூசிய ஃபைபரைப் பார்த்து இதுவும் அச்சில் வார்த்த படகு என்று எண்ணிவிடாதீர்கள். அடிப்பக்கத்தில் ஒரு கீறல் இருந்தால்கூட அதைச் சுற்றி ஓரடி தூரம் தட்டிப் பார்க்க வேண்டும்.

பதிவுச் சான்றும் எஞ்சின் ரசீதும் பெயர் மாற்றமும் உங்களுக்குத் தெரிந்தவை. அவை சரியாக இல்லாத படகு எவ்வளவு நலமாக இருந்தாலும் வேண்டாம்.

பின்பலகை கெட்டிருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது. வாங்கலாமா? வாங்கலாம் என்பேன், செலவைக் கழித்துக்கொண்டு. பின்பலகை மாற்றுவது நம் ஊர்ப் பட்டறையில் ஆகிற வேலை. அதில் பொருளைவிடக் கூலிதான் அதிகம். ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். இங்கே பலர் செய்வது, உளுத்த இடத்தில் நாலைந்து துளை போட்டு ரெசினை ஊற்றி, மேலே இரண்டு மேட் ஒட்டி, பெயின்ட் அடிப்பது. ஈரமரத்தில் ரெசின் ஒட்டாது, சரியாக இறுகவும் இறுகாது. உள்ளே பூஞ்சை இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த மழைக்குள் அதே கதை. அப்படிச் செய்து விற்பது, வாங்குகிறவனின் உயிரை விற்பது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கரையிலிருந்து பத்து மைலில் எஞ்சினோடு பின்பலகை பிய்ந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரியான முறை இது. உள்தோலை அறுத்து எடுங்கள். வெளித்தோல் அச்சாக நிற்கட்டும். உளுத்த மரத்தை உளியால் முழுவதும் சுரண்டி எடுங்கள். நல்லதாகத் தெரியும் பகுதியிலும் ஒரு சாண் தள்ளி எடுத்துவிடுங்கள். பூஞ்சையின் நூல் கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டி ஓடியிருக்கும். வெளித்தோலின் உள்முகம் நன்றாகக் காயும்வரை காத்திருங்கள். மாசியில் தொடங்கிச் சித்திரை வரை இதற்கு நல்ல காலம். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. புதுப் பலகையை வெட்டி, முகப்பு, ஓரம், துளைச்சுவர் என்று எல்லாப் பக்கமும் எபாக்ஸி பூசுங்கள். அறுத்த ஓரம் குடிக்கக் குடிக்கப் பூச வேண்டும். ஏரோசில் தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியில் பலகையைப் பதித்து, இடையில் காற்றுக்குழி இல்லாமல் அழுத்துங்கள். பிறகு பக்கச் சுவரோடு அகலமாகத் தழுவும்படி கண்ணாடி இழை ரோவிங் துணி போடுங்கள். பழைய ஃபைபரோடு சேரும் ஓரத்தை, கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தால்தான் சேர்மானம் நிற்கும்.

எபாக்ஸி விலை அதிகம், பாலியஸ்டரே போதாதா என்பீர்கள். அச்சில் புதுப்படகு வார்க்கப் பாலியஸ்டர் போதும். மரத்தோடும் பழைய ஃபைபரோடும் ஒட்ட வேண்டிய இடத்தில் எபாக்ஸிதான் பிடிக்கும். இறுகிய எபாக்ஸிமேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது என்பதையும் மறக்க வேண்டாம். எபாக்ஸியில் தொடங்கினால் எபாக்ஸியிலேயே முடியுங்கள். பட்டறைத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பாலியஸ்டருக்குப் போடும் கேடலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வை போகும், கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். கேடலிஸ்டையும், ரெசினைச் சீக்கிரம் இறுகவைக்கும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது; வெடிக்கும்.

இனி, நல்ல படகை நல்லதாகவே வைத்திருப்பது. இதற்குப் பெரிய செலவில்லை. புதிதாக எதை மாட்டினாலும் துளையை நேராகப் போட்டு ஸ்குரூவை முறுக்காதீர்கள். 10 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 15 மில்லிமீட்டரில் துளை போடுங்கள். அதைக் கெட்டி எபாக்ஸியால் முழுக்க நிரப்பி, இறுகியபின் நடுவில் 10 மில்லிமீட்டரில் மறுபடி துளையுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி மரம் இல்லை, எபாக்ஸி வளையம்தான் இருக்கிறது. தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. பழைய படகு வாங்கியதும் முதல் வேலையாக எஞ்சின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இதைச் செய்துவிடுங்கள். போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது பி.யூ. சீலன்ட் வையுங்கள். கண்ணாடித் தொட்டிக்கு ஒட்டும் சிலிக்கோன் வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, ரெசினும் ஒட்டாது.

மழைக்குக் கரையேற்றும்போது அணியம் கொஞ்சம் உயர்ந்து, பின்பக்கம் தாழ்ந்திருக்கும்படி கட்டை கொடுங்கள். தக்கையைக் கழற்றி எஞ்சினோடு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். படகிலேயே விட்டால் யாராவது நல்லெண்ணத்தில் மாட்டிவிடுவார்கள். துளையை மணலும் வலைத்துண்டும் அடைத்துக்கொள்ளும், வாரத்துக்கு ஒருமுறை குச்சியால் குத்தி விடுங்கள். தார்ப்பாயைப் படகோடு இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் நீளவாக்கில் ஒரு மூங்கில் கொடுத்துக் கூரைபோல் சரித்துப் போட்டு, இரண்டு முனையும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். அறைகளின் மூடிகளைத் திறந்து வையுங்கள். வலை, கயிறு, சாக்கு எதையும் தளத்தின்மேல் குவிக்க வேண்டாம்; ஈரம் அவற்றின் அடியில் தங்கிவிடும். எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், அது வேண்டியதுதான். ஆனால் படகின் அடித்தளத்தைக் கழுவ வேண்டுமென்றால் கடல்தண்ணீரையே அள்ளி ஊற்றி வடியவிடுங்கள். நல்ல தண்ணீரால் பளபளவென்று கழுவி மூலைகளில் தேங்கவிடுவதைவிட அது மேல்.

ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் பதப்படுத்த போராக்ஸும் போரிக் அமிலமும் பயன்படுத்துகிறார்கள். விளிம்புக் கட்டை, உட்காரும் பலகை போன்ற திறந்த மரங்களுக்கு நாமும் அதைச் செய்யலாம். ஈரமரத்துக்குள்ளும் அது ஊடுருவும். ஆனால் நன்றாகக் காய்ந்தபின்தான் மேலே பூச்சு. பூச்சு போடாமல் விட்டால் மழையே அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

எந்தப் படகை வாங்கவே கூடாது என்றும் கேட்பீர்கள். பின்பலகை மட்டும் கெட்டிருந்தால் வாங்குங்கள். பின்பலகையும் அடித்தளக் கட்டைகளும் சேர்ந்து கெட்டிருந்தால், ஃபோமும் ஊறியிருந்தால், அந்தப் படகை முழுக்கப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். அந்தச் செலவில் புதிய உடம்பே வந்துவிடும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அப்படிப்பட்ட படகு இப்போதே உங்கள் கையில் இருந்தால், எஞ்சினை அதிலிருந்து இறக்கிவிடுங்கள். இந்த மழைக்கு முன்பே இறக்குங்கள். எஞ்சின் இன்னொரு படகுக்கு ஆகும்.

வெளியே மூன்று படகுகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் பின்பலகை நலம், ஒன்றில் கெட்டிருக்கிறது, மூன்றாவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சுத்தியலும் சாக்பீஸும் இருக்கின்றன. தட்டிப் பார்த்துக் கோடு போடுங்கள். பிறகு உரிமையாளர் சம்மதத்தோடு துளை போட்டு யார் கோடு சரி என்று பார்ப்போம்.